மேனுவல் கியரும் ஸ்போர்ட்ஸ் காரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் மேனுவல் கியர்பாக்ஸ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் போர்ஷே 911 அடிக்கடி வரும். டிராக்கை மனதில் வைத்துச் செய்யப்படும் அதன் ஜிடி3 வகையில் மேனுவலைக் கைவிட்டுவிட்டு, பிறகு வாங்குபவர்களின் வற்புறுத்தலால் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த விவாதத்தின் பெரும்பாலான பக்கங்களும் அந்த ஒரு காரிலேயே பார்க்கக் கிடைக்கின்றன.

வேகத்தில் மேனுவல் தோற்றுவிட்டது என்பது உண்மையா?

உண்மைதான். இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. 2021-ல் வந்த 911 ஜிடி3-ஐ எடுத்துக்கொள்வோம். 4.0 லிட்டர் எஞ்சின், 510 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை சுழலும். பிடிகே எனப்படும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுடன் இந்தக் கார் 3.4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும். அதே கார் ஆறு கியர் மேனுவலில் 3.9 விநாடி எடுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் மேனுவல் கார் 17 கிலோ எடை குறைவு.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படை கியர்கள் இன்னொரு கிளட்சிலும் இருக்கும். நீங்கள் மூன்றாம் கியரில் போகும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடுபடும் அதே நேரத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் இழுவை அறுபடுவதே இல்லை. மேனுவலில் ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் கார் ஒரு கணம் இழுவையில்லாமல் உருளுகிறது. எவ்வளவு கைதேர்ந்தவர் ஓட்டினாலும் அந்த இடைவெளி இருக்கவே செய்யும்.

பந்தயத்தில் இந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த பேடில்களால் கியர் மாற்றும் ஃபார்முலா 1 கார். 1989 பிரேசில் கிராண்ட் பிரீயில், தன் முதல் பந்தயத்திலேயே, நைஜல் மேன்செல் கையில் அது வென்றது. அதன்பின் சில ஆண்டுகளில் ஃபார்முலா 1-ல் கியர் லீவரே இல்லாமல் போயிற்று.

அப்படியானால் மெதுவான கியர்பாக்ஸுக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்?

சாலையில் நாம் பந்தயம் ஓட்டுவதில்லை. அந்த அரை விநாடியால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலை எந்த விதத்திலும் குறைந்துவிடாது. காரை ஓட்டி முடித்து இறங்கும்போது நீங்கள் எவ்வளவு ஈடுபட்டிருந்தீர்கள் என்பது மட்டுமே மனதில் நிற்கும்.

ஒரு வளைவை நெருங்குகிறீர்கள். பிரேக் பிடிக்க வேண்டும், எந்தக் கியரில் வளைவுக்குள் நுழைவது என்று முடிவு செய்ய வேண்டும், கிளட்சை மிதித்து எஞ்சின் வேகத்தைச் சரியான அளவுக்கு ஏற்றி, கியரைப் போட்டு, கிளட்சை விட வேண்டும். இவ்வளவும் இரண்டு விநாடிக்குள், ஸ்டீயரிங் திரும்புவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகக் கூடிவந்தால் கார் ஒரு சிலிர்ப்பும் குலுக்கலும் இல்லாமல் வளைவுக்குள் வழுக்கிப் போகும். கொஞ்சம் பிசகினாலும் அந்தக் குலுக்கல் முதுகில் தெரிந்துவிடும். நன்றாகச் செய்தேனா இல்லையா என்று கார் உடனுக்குடன் சொல்லிவிடுகிறது; அடுத்த வளைவில் இன்னும் சரியாகச் செய்ய வாய்ப்பும் தருகிறது. சுகம் இதில்தான் இருக்கிறது. பேடிலைச் சொடுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கச்சிதமாக கியர் மாறும். அதில் உங்களால் தவறவும் முடியாது, தேறவும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய வேகமான கார்களின் எல்லை சாதாரணச் சாலைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகாமலேயே ஓட்டுநருக்கு வேலை கொடுக்கிற ஒன்று வேண்டும். 60 கி.மீ. வேகத்திலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு அழகாக இறங்குவது ஒரு திறமைதான். அதற்கு உரிமத்தையும் உயிரையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

போர்ஷே ஜிடி3 கதை என்ன?

1999-ல் தொடங்கி ஜிடி3 என்றாலே மேனுவல்தான். 2013-ல் வந்த 991 தலைமுறை ஜிடி3-ல் போர்ஷே அதை எடுத்துவிட்டு பிடிகே மட்டும் வைத்தது. கார் முன்பைவிட வேகமாக இருந்தது, டிராக்கில் ஒரு சுற்றை முடிக்கும் நேரம் குறைந்தது. ஆனால் அந்தக் காரை நேசித்தவர்களில் ஒரு பெரிய பகுதியினர் மனம் உடைந்து போனார்கள். முந்தைய தலைமுறையின் மேனுவல் கார்களை, குறிப்பாக 600 மட்டுமே செய்யப்பட்ட 2011 ஜிடி3 ஆர்எஸ் 4.0-ஐ, தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

2016-ல் 911 ஆர் வந்தது. ஜிடி3 ஆர்எஸ்ஸின் 500 குதிரைத்திறன் எஞ்சின், பெரிய பின் சிறகு கிடையாது, எடை 1,370 கிலோ, ஆறு கியர் மேனுவல் மட்டும். மொத்தம் 991 கார்கள். அறிவிப்போடு அவை தீர்ந்துபோய், வெளிச்சந்தையில் அசல் விலையைப் போலப் பல மடங்கு கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2017 ஜிடி3-ல், கூடுதல் விலை ஏதுமில்லாமல் மேனுவலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று போர்ஷே அறிவித்தது. போர்ஷேயின் ஜிடி கார் பிரிவை நடத்தும் ஆண்ட்ரியாஸ் பிராய்னிங்கர் அன்றிலிருந்து மேனுவலை விட்டுக்கொடுக்கவில்லை. 2024-ல் புதுப்பிக்கப்பட்ட ஜிடி3-லும் அது இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், போர்ஷே இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை என்பது. நொடிகளை எண்ணும் ஜிடி3 ஆர்எஸ்ஸில் பிடிகே மட்டும்தான். 2023-ல் 911-க்கு 60 வயது ஆனதை ஒட்டி வந்த எஸ்/டி-யில் மேனுவல் மட்டும்தான்.

மேனுவல் என்றாலே ஓட்டச் சுகமாக இருக்குமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பலரும் லீவர் இருக்கிறதா, மூன்று பெடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கியரும் எவ்வளவு நீளம், அதாவது அந்தக் கியரிலேயே எவ்வளவு வேகம் வரை போகலாம், என்று கேட்பவர்கள் குறைவு. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

போர்ஷே 718 கேமன் ஜிடி4 இதற்கு நல்ல உதாரணம். 2019-ல் வந்த இந்தக் காரில் 4.0 லிட்டர் எஞ்சின், 420 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் எல்லை. எஞ்சின் அருமை, சேஸி அருமை, லீவரின் அசைவும் அருமை. ஆனால் இரண்டாம் கியரை முழுவதும் இழுத்தால் வேகம் மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டிவிடும். வேறு மாதிரி சொன்னால், உலகின் பெரும்பாலான மலைச்சாலைகளில் இந்தக் காரை இரண்டாம் கியரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். எஞ்சின் பாடத் தொடங்கும் கடைசி 2,000 ஆர்பிஎம்-ஐக் கேட்க வேண்டுமென்றால் சட்டத்தை மீற வேண்டும். கியர் மாற்ற ஆசையாக இருக்கும், மாற்றத் தேவையே வராது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கியர் நீளமானால் குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும். எரிபொருள் குறையும், புகைச் சோதனையிலும் சத்தச் சோதனையிலும் எண்கள் நன்றாக வரும். ஒரே கியர் தொகுப்பைப் பல கார்களுக்குப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம் என்பதும் உண்டு.

911 எஸ்/டி-யில் இதைத்தான் திருத்தினார்கள். 525 குதிரைத்திறன், 1,380 கிலோ என்ற எண்களை எல்லோரும் எடுத்துப் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. ஒன்று, ஒட்டுமொத்த கியர் விகிதத்தைக் குட்டையாக்கியது. இன்னொன்று, இலகுவான கிளட்சும் ஒற்றை நிறை ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனச் சக்கரம்) போட்டுச் சுழலும் எடையில் 10.5 கிலோவைக் குறைத்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஊசி துள்ளும், விட்டால் உடனே விழும். 1,963 பேருக்குத்தான் அந்தக் கார் கிடைத்தது. ஆனால் அதே திசையில் 2024 ஜிடி3-யின் விகிதமும் 8 சதவீதம் குட்டையானது. சரியான முடிவு.

இதே காரணத்தால் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சின்னக் கார் பல சூப்பர் கார்களைவிட ஓட்டச் சுகமாக இருக்கிறது. எடை ஒரு டன் அளவுதான். எஞ்சினில் பெரிய பலம் கிடையாது. அதனால் சரியான கியரில் வைத்திருந்தால்தான் வண்டி இழுக்கும், கியரைத் தப்பாகப் பிடித்தால் திணறும். ஓட்டுபவர் சதா வேலையில் இருப்பார். 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000-மும் இந்த ரகம். 2.0 லிட்டர் எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை போகும். உயிர் இருப்பது ஏறக்குறைய 6,000-க்கு மேல்தான். அங்கேயே ஊசியை நிறுத்தி வைக்க ஓயாமல் கியர் போட வேண்டும். அந்த ஆறு கியர் லீவரின் குட்டையான, உலோகத்தனமான அசைவு இன்றைக்கும் அளவுகோலாகச் சொல்லப்படுகிறது.

டர்போ எஞ்சினுடன் மேனுவல் சேருமா?

சேரும், ஆனால் சுவை குறையும். டர்போ எஞ்சின் 2,000 ஆர்பிஎம் சுற்றிலேயே முழு முறுக்குவிசையைத் தந்துவிடுகிறது. நான்காம் கியரில் போட்டுவிட்டு மிதித்தாலும் கார் பறக்கும். கியரைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லாதபோது குறைப்பது சடங்காகிவிடுகிறது.

விதிவிலக்குகள் இருக்கின்றன. ஹோண்டா சிவிக் டைப் ஆர் டர்போதான், முன்சக்கர இழுவைதான். ஆனாலும் லீவரும் பெடல்களும் அமைந்த விதத்தில் பெரிய விலைக் கார்களைத் தலைகுனிய வைக்கிறது.

நல்ல கியர்பாக்ஸ் என்று எதை வைத்துச் சொல்வது?

காரை எடுப்பதற்கு முன்பே, நின்ற நிலையில் பாதி தெரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். லீவர் எவ்வளவு தூரம் நகர்கிறது? கியர் விழும் இடம் கைக்குத் தெளிவாகத் தெரிகிறதா, கொழகொழவென்று இருக்கிறதா? நியூட்ரலில் விட்டால் லீவர் தானாகவே மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கை வழிகாட்டத் தேவையில்லை, தள்ளினால் போதும் என்று இருந்தால் மையப்படுத்தும் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது கிளட்ச். எடை அவ்வளவு முக்கியமில்லை. எங்கே பிடிக்கிறது என்பது தெரிய வேண்டும். சில நிறுவனங்கள் கிளட்சை வேகமாக விட்டாலும் மெதுவாகவே பிடிக்கும்படி, குழாய்க்குள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் ஒரு சின்ன வால்வு வைக்கிறார்கள். பழக்கமில்லாதவர்கள் கையில் கியர்பாக்ஸ் உடையாமல் காக்கும் ஏற்பாடு. நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு அது பெரிய இடைஞ்சல். காலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கடைசியாக, பிரேக் பெடலும் ஆக்சிலரேட்டரும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பிரேக்கை அழுத்தமாகப் பிடித்த நிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கேள்வியில் சொல்லப்போவது வராது.

ஃபெராரிகளில் இருந்த, உலோகத் தகட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் லீவர் நகரும் அமைப்பைப் பற்றியும் கேட்பார்கள். பார்க்க அழகு, கிளிக் என்ற அந்தச் சத்தமும் அழகு. எண்ணெய் சூடாகும்வரை பழைய ஃபெராரிகளில் இரண்டாம் கியர் விழ அடம்பிடிக்கும் என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஹீல் அண்ட் டோ என்கிறார்களே, அது எதற்கு?

சின்ன கணக்கு ஒன்று. மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் விகித வித்தியாசம் 1.4 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் எஞ்சின் 4,000 ஆர்பிஎம்-ல் சுழல்கிறது. அதே வேகத்தில் இரண்டாம் கியரில் 5,600 வேண்டும். கிளட்சை மிதித்ததும் எஞ்சின் வேகம் கீழே விழ ஆரம்பித்துவிடும். அப்படியே இரண்டைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சினை 5,600-க்கு இழுத்துத் தூக்கும் வேலை பின் டயர்கள் தலையில் விழுகிறது. ஏற்கெனவே பிரேக் பிடித்ததால் எடை முன்னால் போய், பின் டயர்கள் லேசாகிவிட்டிருக்கும். அந்த நேரத்தில் இந்தக் குலுக்கல் சேர்ந்தால் பின்பக்கம் வழுக்கும்.

இதைத் தவிர்க்க, பிரேக்கை விடாமலே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். இரண்டு வேலைக்கும் இருப்பது ஒரே வலது கால். பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்கும். பாதத்தின் வெளி ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும். குதிகாலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. கால் அமைப்புக்கும் பெடல் அமைப்புக்கும் தகுந்தபடி ஆளுக்கு ஆள் மாறும்.

பழகும்போது எல்லோருக்கும் வரும் சிக்கல், ஆக்சிலரேட்டரைத் தட்டும்போது பிரேக்கில் அழுத்தம் மாறிவிடுவது. முதலில் காரை நிறுத்திவைத்து, பிறகு ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வராதபோது பழகுங்கள். வளைவுகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவசரம் வேண்டாம்.

டபுள் கிளட்ச், அதாவது ஒரு கியர் மாற்றத்துக்கு நடுவில் நியூட்ரலில் விட்டு கிளட்சை இரண்டு முறை மிதிப்பது, இன்றைக்குத் தேவையில்லை (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வேறு). கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையங்கள் கியர்ப் பல்லின் வேகத்தைச் சமப்படுத்திவிடும். சிங்க்ரோ இல்லாத பழைய லாரிகளை மலைச்சாலையில் ஓட்டிய நம்மூர் டிரைவர்கள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டபுள் கிளட்ச் அடித்து, காதால் கேட்டே எஞ்சின் வேகத்தைப் பொருத்தினார்கள். அவர்கள் செய்தது ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் பயிற்சி எடுத்துக் கற்கும் அதே வித்தை. அந்தத் திறமைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கார் தானாகவே ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டால்?

2008 இறுதியில் அறிமுகமான நிசான் 370இசட்-ல் முதன்முதலாக இந்த வசதி வந்தது. நீங்கள் எந்தக் கியருக்கு லீவரை நகர்த்துகிறீர்கள் என்று சென்சார் பார்த்து, எஞ்சின் வேகத்தைக் கணினி பொருத்திவிடும். இப்போது பெரும்பாலான மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மழையில், களைப்பில் உதவும். எனக்கு அது இருப்பதில் வருத்தம் இல்லை. அணைக்க ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். போர்ஷே ஜிடி கார்களில் அணைக்கலாம். சில கார்களில் இதை அணைக்க வேண்டுமென்றால் வழுக்கல் கட்டுப்பாட்டையும் சேர்த்து அணைக்க வேண்டியிருக்கிறது. அது மோசமான ஏற்பாடு.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்குகிறதே, காரில் கோளாறா?

கோளாறு இல்லை. திடீரென்று காற்று அடைபட்டால் எரியாத எரிபொருள் புகையோடு வெளியேறும். அதைக் குறைக்க, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை மெதுவாக மூடும்படி மென்பொருள் எழுதுகிறார்கள். அதிர்வைக் குறைக்கும் கனமான இரட்டை நிறை ஃப்ளைவீலும் சேர்ந்துகொள்கிறது. விளைவு, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஆர்பிஎம் இறங்கக் காத்திருக்க வேண்டும், அல்லது குலுக்கலோடு போட வேண்டும். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள். விவரப் பட்டியலில் எங்கேயும் இது எழுதியிருக்காது.

ஃபெராரியும் லம்போர்கினியும் மேனுவலை ஏன் விட்டன?

வாங்குபவர்கள் கேட்கவில்லை. 1997-ல் எஃப்355-ல் பேடில் வந்ததிலிருந்து ஃபெராரி வாடிக்கையாளர்கள் கொத்துக்கொத்தாக அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் கலிஃபோர்னியா மாடலில் மேனுவல் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2012-க்குப் பிறகு அங்கே மேனுவல் இல்லை. லம்போர்கினியில் கலார்டோவோடு முடிந்தது. 2011-ல் 12சி காருடன் சாலைக் கார்களுக்குத் திரும்பி வந்த மெக்லாரன் ஒருமுறைகூட மேனுவல் செய்யவில்லை. 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 ஆறு கியர் மேனுவல் என்பதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பிஎம்டபிள்யூ வி12 எஞ்சின், நடுவில் ஓட்டுநர் இருக்கை. 1998-ல் 386 கி.மீ. வேகம் தொட்ட கார் அது.

முறுக்குவிசையும் ஒரு காரணம். பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களில் மேனுவல் வேண்டுமென்றால் 480 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர். 510 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர் உள்ள காம்படிஷன் மாடல் ஆட்டோமேட்டிக் மட்டும். ஆனால் இதை முழுக் காரணமாக நான் ஏற்கவில்லை. காடிலாக் சிடி5-வி பிளாக்விங் 668 குதிரைத்திறன் எஞ்சினுடன் ஆறு கியர் மேனுவல் தருகிறது. செய்ய நினைத்தால் முடியும்.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கொர்வெட் 2020-ல் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுபோனபோது எட்டு கியர் இரட்டை கிளட்சுடன் மட்டும் வந்தது. மேனுவல் கேட்கும் சிலருக்காகத் தனியாக ஒரு மேனுவல் கியர்பாக்ஸ் உருவாக்குவது கட்டுப்படியாகவில்லை. பணக் கணக்காகப் பார்த்தால் புரிகிறது. ரசிகனாகப் பார்த்தால் இழப்பு.

மிக விலையுயர்ந்த கார்களில் மேனுவல் திரும்பி வருகிறதே?

வருகிறது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கோர்டன் முர்ரே, டி.50 என்ற காரைச் செய்தார். 3.9 லிட்டர் காஸ்வொர்த் வி12 எஞ்சின், 12,100 ஆர்பிஎம், எக்ஸ்டிராக் நிறுவனத்தின் ஆறு கியர் மேனுவல், எடை ஒரு டன்னுக்கும் கீழே, மொத்தம் 100 கார்கள். 2022-ல் பகானி உட்டோப்பியா ஏழு கியர் மேனுவலோடு வந்தது. அதே ஆண்டு கோனிக்செக் சிசி850-ல், ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்காகவும் ஆறு கியர் மேனுவலாகவும் ஒரே கியர்பாக்ஸ் வேலை செய்யும்படி அமைத்தார்கள்.

வேகத்தை இனி யாராலும் தனிச் சிறப்பாக விற்க முடியாது என்பதால் இப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நல்ல மின்சார செடானே 3 விநாடிக்குள் 100 கி.மீ. தொட்டுவிடுகிறது. ஆனால் எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. இந்தக் கார்களில் பல கண்ணாடிக் கூண்டுக்குள்தான் நிற்கப் போகின்றன. சம்பளக்காரர் ஒருவர் சேமித்து வாங்கக்கூடிய விலையில் மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதுதான் எனக்கு முக்கியம். அந்த வகையில் எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 போன்றவை செய்யும் தொண்டு பெரியது.

ஆறு கியரா, ஏழு கியரா?

ஆறு. 2011 இறுதியில் வந்த 911-ல் பிடிகே-யை அடிப்படையாக வைத்து ஏழு கியர் மேனுவல் செய்தார்கள். தவறிப்போய் ஏழில் போட்டுவிடக் கூடாது என்று, ஐந்திலோ ஆறிலோ இருந்தால்தான் ஏழு விழும்படி ஒரு பூட்டும் வைக்க வேண்டியிருந்தது. ஏழாவது நெடுஞ்சாலையில் எரிபொருள் மிச்சம் பிடிக்க மட்டும்தான். ஜிடி கார்களுக்கு ஆறு கியரே வைத்தார்கள். 2024-ல் புதுப்பித்த கரேரா டி-யும் மேனுவல் மட்டும், ஆறு கியர், வால்நட் மரக் குமிழ்.

டிராக்கில் ஓட்ட எதை வாங்கலாம்?

நேரம் குறைக்க வேண்டும் என்றால் இரட்டை கிளட்ச். கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருக்கும், பிரேக் புள்ளியில் கவனம் முழுவதும் இருக்கும். டிராக் புதிது என்றாலும் அதுதான் நல்லது. முதலில் பாதையைக் கற்றுக்கொள்ளலாம். காரை ஓட்டும் கலையைக் கற்க வேண்டும் என்றால் மேனுவல்.

பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நான்கிலிருந்து ஐந்துக்குப் போக நினைத்து மூன்றில் போட்டுவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. எஞ்சின் கணினி எரிபொருளை நிறுத்தினாலும் பயனில்லை; சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். 9,000 எல்லை உள்ள எஞ்சின் 11,000-க்குப் போனால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கலாம். நல்ல வேளையாக, போர்ஷேயில் எஞ்சின் கணினி அதீத வேகத்தில் சுழன்றதை ஆறு நிலைகளாகப் பிரித்து, எந்த இயக்க மணியில் நடந்தது என்பதோடு பதிவு செய்துவைக்கிறது. 911-ன் 997 தலைமுறையிலிருந்து இந்த ஆறு நிலைப் பதிவு உண்டு. கார் வாங்கும் முன் அந்த அறிக்கையைக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். மேல் நிலைகளில் சமீபத்திய பதிவு இருந்தால், விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாகப் போடுங்கள். கரகரவென்றால் இரண்டாம் கியர் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. மேட்டில் நான்காம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. போர்ஷே கரேரா ஜிடி போன்ற கார்களில் இது சாதாரணச் செலவு அல்ல. அதன் பீங்கான் கிளட்ச் தட்டு வெறும் 169 மி.மீ. விட்டம், ஆஃப் கிளட்சில் ஊர்ந்து பழகியவர் கையில் சீக்கிரம் காலியாகிவிடும்.

இந்தியாவில் என்ன கிடைக்கிறது?

குறைவுதான். 2023-ல் பிஎம்டபிள்யூ எம்2 இங்கே அறிமுகமானபோது ஆறு கியர் மேனுவல் தேர்வோடு வந்தது, நல்ல செய்தி. சென்னை அருகே பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இருந்தாலும் இந்தக் கார் இறக்குமதிதான்.

எட்டும் விலையில், ஃபோக்ஸ்வேகன் விர்ச்சுஸின் 150 குதிரைத்திறன் 1.5 டர்போ ஆறு கியர் மேனுவலுடன் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், ஐ20 என் லைனில் 2023-ல் சரியான மூன்று பெடல் மேனுவலைக் கொண்டுவந்தது. இவை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் ஹீல் அண்ட் டோ பழக இவை போதும். அதே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தய டிராக்கிலும் கோயம்புத்தூரின் காரி டிராக்கிலும் பயிற்சி நாள்கள் நடக்கும்போது பாருங்கள். மலைச்சாலையில் பழகுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

மின்சாரக் காரில் கியர் போடும் சுகம் வருமா?

2023-ல் வந்த ஹூண்டாய் அயானிக் 5 என் காரில் பேடிலை அழுத்தினால் கியர் மாறுவது போல மோட்டார் ஒரு வெட்டு வெட்டும். ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தமும் ஏறி இறங்கும். உண்மையில் கியர் எதுவும் மாறவில்லை. ஆனாலும் ஓட்டியவர்கள் ரசிக்கிறார்கள். வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைகிறோம் என்று காதுக்கு அடையாளம் கிடைப்பதால் அது பயனுள்ளதும்கூட. கிளட்ச் பெடலும் லீவரும் உள்ள மின்சாரக் காருக்கு டொயோட்டா காப்புரிமை எடுத்து, மாதிரிக் காரும் செய்து ஓட்டிக் காட்டியிருக்கிறது. தவறாகச் செய்தால் கார் நின்றுபோகும் அளவுக்கு நேர்மையாகச் செய்தால் நான் வரவேற்பேன்.

நகர நெரிசலில் இடது கால் வலிக்காதா?

வலிக்கும். தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் ஊர்கிறவருக்கு, வீட்டில் இருப்பது ஒரே கார் என்றால், ஆட்டோமேட்டிக்கே வாங்கச் சொல்வேன். சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தபடி இருக்காமல் நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கிளட்ச் விடுவிக்கும் பேரிங்கும் உங்கள் முழங்காலும் நீண்ட நாள் உழைக்கும்.